தட்டைக் கரியும் உருண்டைக் கரியும்: வடிவம் எழுதும் காந்த விதி

இரும்பு காந்தமாகும், செம்பு ஆகாது. ஒரு பொருள் காந்தத்தினால் எவ்வாறு பாதிக்கப்படும் என்பது அப்பொருளின் இயல்பைப் பொறுத்தது என்று நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். இது முற்றிலும் சரியா? ஒரே வகை அணுக்களை எடுத்துக்கொண்டு, அவற்றைத் தட்டையான பரப்பாக அடுக்கினால் ஒரு காந்தக் குணமும், அதே பரப்பை உருண்டையாக மூடினால் வேறொரு காந்தக் குணமும் தோன்றுமானால், அதற்கு யாது காரணம் கூறுவோம்? அணு மாறவில்லை; மாறியது வடிவம் ஒன்றே. அப்படியானால் காந்தத்தின் விதியில் வடிவத்திற்கும் ஒரு பங்கு இருக்கவேண்டும் அன்றோ?

இக்கேள்வி இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில் ஆராயப்படுகிறது. அதன் வரலாற்றைப் போடிநாயக்கனூரிலிருந்து எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. போடி மலை என்றதும் இயற்பியல் மாணவர்களுக்குப் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகமே நினைவிற்கு வரும். ஆனால், இம்மலைக்கும் இயற்பியலுக்கும் அதைவிடப் பழைய உறவு ஒன்று இருக்கிறது. ஏலக்காய்த் தோட்டங்களைச் சுமந்து நம் ஊருக்கு மேற்கே நிற்கும் இந்த மலைத்தொடர் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு மேகமலை, வருசநாடு என்று நீள்கிறது. வருசநாட்டு மலையைத் தாண்டி அப்பக்கம் இறங்கினால் அடிவாரத்தில் இருப்பது வத்திராயிருப்பு. காந்தத்திற்குத் திசை உண்டு என்பதைத் துல்லியமாக அளந்து காட்டி, தட்டைப் பரப்பில் வாழும் எலெக்ட்ரான்களைப் பற்றி முதன்முதலில் சிந்தித்தவர்களுள் ஒருவரான கே. எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர் அது.

வத்திராயிருப்பிலிருந்து டாக்கா வரை

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்தார். வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு; மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் மேற்படிப்பு. 1920-இல் கல்கத்தாவிற்குச் சென்ற அவர், பின்னர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். 1928-இல் வெளியான இராமன் விளைவு பற்றிய முதல் அறிவிப்பில் இராமனோடு கிருஷ்ணனின் பெயரும் உள்ளது.

நம் பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் கிருஷ்ணனை விட்டுவிடுகின்றன. 'இராமனின் மாணவர்' என்ற ஒரு வரியோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. உண்மையில் அவருடைய சொந்த ஆராய்ச்சி அதன் பிறகுதான் தொடங்குகிறது. 1928-இன் இறுதியில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒளி அன்று. படிகங்களின் காந்தப் பண்பு. 1933-இல் கல்கத்தாவிற்குத் திரும்பி, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக அமர்ந்த பின்னும் அதையே தொடர்ந்தார். 1940-இல் இலண்டன் ராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

நூலில் தொங்கிய படிகம்

நீர், மரம், தங்கம், கரி ஆகிய பொருள்களைக் காந்தம் இழுப்பதில்லை; மிக மெல்லத் தள்ளுகிறது. இப்பண்பை 1845-இல் ஃபாரடே கண்டறிந்தார். இதற்கு டயாகாந்தம் என்று பெயர். வெளியிலிருந்து காந்தப்புலம் வரும்போது, பொருளிலுள்ள எலெக்ட்ரான்கள் அப்புலத்தை எதிர்க்கும் வகையில் சுற்றத் தொடங்குவதால் இவ்விலக்கம் தோன்றுகிறது. எலெக்ட்ரான் சுற்றும் வளையம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு எதிர்ப்பும் பெரிதாகும்.

பென்சீன் போன்ற தட்டையான மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்கள் அறுகோண வளையத்தைச் சுற்றி ஓட இயலும். காந்தப்புலம் அந்த வளையத்திற்குச் செங்குத்தாக இருந்தால் எதிர்ப்பு மிகுதி. வளையத்தின் தளத்திலேயே இருந்தால் எதிர்ப்புக் குறைவு. ஆகவே, இத்தகைய மூலக்கூறுகளால் ஆன படிகம் காந்தப்புலத்தில் தனக்கு வசதியான ஒரு திசையை நோக்கித் திரும்பும். ஆனால், அதைத் திருப்பும் விசை மிகமிகச் சிறியது. அதனை எவ்வாறு அளப்பது?

கிருஷ்ணனின் வழி எளிமையானது. மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றின் நுனியில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, அதனைச் சீரான காந்தப்புலத்தில் வைத்தார். இழையின் மேல்முனையைக் கையால் மெல்ல முறுக்கிக்கொண்டே போகவேண்டும். காந்தப்புலம் பிடித்து வைத்திருப்பதால் படிகம் உடனே திரும்பாது. முறுக்கு ஏற ஏறச் சிறிது சிறிதாக விலகும். தன் இயல்பான நிலையிலிருந்து 45 பாகை விலகியதும், காந்தப்புலத்தின் பிடி உச்சத்தை அடைந்துவிடும். அதற்குமேல் சற்றே முறுக்கினாலும் படிகம் சட்டென்று சுழன்று விழும். அந்த நொடிவரை எத்தனை பாகை முறுக்கினோம் என்பதிலிருந்து, படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஓர் இழை, ஒரு காந்தம், பாகை குறித்த ஒரு வட்டம், பொறுமையான கை ஆகியவையே இதற்குத் தேவை.

இம்முறையால் படிகத்தை உடைக்காமலேயே அதனுள் மூலக்கூறுகள் எத்திசையில் சாய்ந்து கிடக்கின்றன என்பதைக் கூற முடிந்தது. எக்ஸ் கதிர்ப் படிக ஆய்வில் புகழ்பெற்ற கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் இணைந்து 1936-இல் இதுபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

கிராஃபைட்டின் தட்டை உலகம்

கிருஷ்ணன் ஆராய்ந்த படிகங்களுள் நம் கதைக்கு முக்கியமானது கிராஃபைட். பென்சிலில் எழுதுவது இதுவே. இலங்கையின் போகல சுரங்கத்திலும், நம் சிவகங்கைப் பகுதியிலும் வெட்டியெடுக்கப்படும் கரி வகை இது. இதில் கார்பன் அணுக்கள் தேன்கூட்டைப் போல் அறுகோணக் கண்களாக இணைந்து தட்டையான ஏடுகளாகின்றன. ஏட்டின்மேல் ஏடு தளர்வாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஏடுகள் எளிதில் வழுக்குவதாலேயே பென்சில் காகிதத்தில் எழுதுகிறது.

கிராஃபைட்டின் டயாகாந்தம் வழக்கத்திற்கு மாறாக மிகப் பெரிது. ஏடுகளிலுள்ள அறுகோணங்களைச் சுற்றி எலெக்ட்ரான்கள் ஓடுவதே இதற்குக் காரணமாகலாம் என்று 1929-இல் இராமன் கருதினார். பொருளை மிக நுண்ணிய துகளாக்கினால் ஓட்டத்திற்கு இடம் குறுகி, டயாகாந்தமும் குறையவேண்டும் அல்லவா? இவ்வகை ஆய்வில் அக்காலத்தில் ஈடுபட்டவர்களுள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். இராமச்சந்திர ராவும் ஒருவர்.

1934-இல் கிருஷ்ணன் கிராஃபைட் படிகத்தைத் திசைவாரியாக அளந்து வெளியிட்டார். ஏட்டிற்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் இருக்கும்போது ஒரு கிராமுக்கு டயாகாந்த ஏற்புத்திறன், அன்றைய அலகில், பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 22. ஏட்டின் தளத்திலேயே புலம் இருந்தால் ஏறத்தாழ 0.5 மட்டுமே. நாற்பது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! இதில் மற்றொரு செய்தியும் அடங்கியிருந்தது. 0.5 என்பது வைரத்தின் அளவிற்கு நெருக்கமானது. வைரமும் கார்பனே, ஆனால் அதில் ஓடித்திரியும் எலெக்ட்ரான் கிடையாது. எனவே, 0.5 என்பது கார்பன் அணுவுக்கே உரிய பங்கு. மீதமுள்ளது முழுவதும் ஏட்டில் ஓடித்திரியும் எலெக்ட்ரான்களின் வேலை.

1939-க்கும் 1941-க்கும் இடையில் என். கங்குலியுடன் சேர்ந்து கிருஷ்ணன் இதனை விரிவாக்கினார். கிராஃபைட்டின் மின்கடத்து திறன் ஏட்டின் வழியே பாயும்போது, ஏட்டிற்குக் குறுக்கே பாய்வதைவிடப் பல ஆயிரம் மடங்கு மிகுதி என்று அளந்தனர். அணுவுக்கு ஓர் எலெக்ட்ரான் ஏட்டின் தளத்தில் கட்டற்றுத் திரிகிறது என்றும், ஏட்டைவிட்டு மேலே கீழே செல்ல அது ஏறத்தாழ இயலாதது என்றும் கொண்டால் அளவைகள் பொருந்தி வந்தன. நீளமும் அகலமும் உண்டு, உயரம் இல்லை என்பது அவ்வெலெக்ட்ரான்களின் உலகம். இன்று 'இருபரிமாணக் குவாண்டம் அமைப்பு' என்று நாம் கூறுவதன் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

அப்படம் முழுமையானது அன்று. 1947-இல் வாலஸ், கிராஃபைட் ஏட்டிலுள்ள எலெக்ட்ரான்கள் சாதாரணக் கட்டற்ற எலெக்ட்ரான்களைப் போல் நடப்பதில்லை என்று குவாண்டம் கணக்கினால் காட்டினார். 1956-இல் மக்ளூர், அதைக்கொண்டு பெரிய டயாகாந்தத்தை விளக்கினார். ஆயினும், ஏடு ஒரு தனி உலகம் என்ற கருத்து நிலைத்தது. 2004-இல் கைமும் நோவோசெலோவும் தனியொரு ஏட்டையே பிரித்தெடுத்தனர். அதுவே கிராஃபீன், 2010-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மேடும் கணவாயும்

ஏடு தட்டையாக இருக்கும்வரை நடப்பதைப் பார்த்தோம். அது வளைந்தால் என்ன ஆகும்? முதலில், வளைவு என்றால் என்ன என்பதை நம் மலைச்சரிவிலேயே தெரிந்துகொள்வோம்.

ஓர் ஏலத்தோட்டத்தில் முளை ஒன்றை அடித்து, அதில் 10 மீட்டர் கயிற்றைக் கட்டித் தரையோடு தரையாக இழுத்துச் சுற்றிவந்து, வட்டம் போடுவதாகக் கொள்வோம். வட்டத்தின்மேல் 3 மீட்டருக்கு ஒரு செடி நடவேண்டும். தரை சமமாக இருந்தால் சுற்றளவு 62.8 மீட்டர், 21 செடிகள் பிடிக்கும். அதே முளையைக் குவிந்த மேட்டின் உச்சியில் அடிப்போம். 20 மீட்டர் ஆரமுள்ள பந்தின் மேற்பகுதியைப் போன்ற மேடு அது என்றால், சுற்றளவு 60.2 மீட்டர்தான், 20 செடிகளே பிடிக்கும். இனி முளையை ஒரு கணவாயில் அடிப்போம். கணவாய் குதிரைச் சேணத்தைப் போன்றது. இருபுறம் மலை ஏறுகிறது, மற்ற இருபுறம் பள்ளம் இறங்குகிறது. அதே அளவு வளைவுள்ள சேணப் பரப்பில் சுற்றளவு 65.5 மீட்டர்; 22 செடிகள் பிடிக்கும்.

மலையை வெளியிலிருந்து பார்க்காமலே, கயிற்றையும் செடிகளையும் கொண்டே தரை வளைந்திருப்பதை அறிந்துவிட்டோம். பரப்பின் வளைவைப் பரப்பிற்குள்ளிருந்தே அளக்க முடியும் என்று 1827-இல் காஸ் நிறுவினார். காகிதத்தைக் குழலாகச் சுருட்டினால் கயிற்றுச் சோதனை மாறாது. அது உண்மையான உள்வளைவு அன்று. மேட்டின் குவிவளைவும் கணவாயின் சேணவளைவுமே உண்மையானவை. மேட்டில் அண்டை அயலுக்கு இடம் குறைகிறது. கணவாயில் இடம் பெருகுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூங்கிலால் அறுகோணக் கண்ணாகப் பின்னிய கூடையைப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். சமமான பகுதியில் எல்லாக் கண்ணும் அறுகோணம். கூடை வளைந்து திரும்பும் இடத்தில் ஓரிரு கண்களில் ஐந்து பக்கங்களே இருக்கும். ஒரு பக்கத்தைக் குறைத்தால்தான் பின்னல் குவியும். அறுகோணங்களையும் ஐங்கோணங்களையும் மட்டும் கொண்டு, கண்ணுக்குக் கண் மூன்றுமூன்றாகச் சேரும்படி ஒரு பரப்பை முழு உருண்டையாக மூடவேண்டுமானால், ஐங்கோணங்கள் சரியாக 12 வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட விதியிலிருந்து கிடைக்கும் முடிவு இது.

உருண்ட கரி

1985-இல் க்ரோட்டோ, ஸ்மாலி, கர்ல் ஆகியோர் 60 கார்பன் அணுக்களைக் கொண்ட உருண்டை மூலக்கூறைக் கண்டனர். கால்பந்தைப் போன்ற அமைப்பு: 20 அறுகோணங்கள், 12 ஐங்கோணங்கள். ஃபுல்லரீன் எனப்படும் இதனைக் கிராஃபைட் ஏடு உருண்டையாக மூடிக்கொண்டது எனலாம். இதற்கு 1996-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கிருஷ்ணன் கிராஃபைட்டை அளந்ததுபோல் இதன் காந்தப் பண்பை அளந்தால் என்ன கிடைக்கும்? 1991-இல் ஹேடன் குழுவினர் அளந்தனர். கிராஃபைட்டின் பெரிய டயாகாந்தத்தை எதிர்பார்த்தவர்களுக்கு வியப்புக் காத்திருந்தது. ஒரு கிராமுக்கு அதே அலகில் ஏறத்தாழ 0.35! கிராஃபைட்டைப் பொடியாக்கி எல்லாத் திசைகளுக்கும் சராசரி எடுத்தால் ஏறத்தாழ 7.7 வரும். அதில் இருபதில் ஒரு பங்குகூட உருண்டைக் கரியில் இல்லை.

எலெக்ட்ரான்கள் ஓடாமல் நின்றுவிட்டனவா? இல்லை. அறுகோணங்களைச் சுற்றிய ஓட்டம் காந்தப்புலத்தை எதிர்க்கிறது. ஆனால், ஐங்கோணங்களைச் சுற்றிய ஓட்டம் எதிர்ப்பக்கமாக அமைந்து புலத்திற்குத் துணைபோகிறது என்று கணக்குகள் காட்டின. இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ அழித்துக்கொள்கின்றன. உருண்டையாக மூடுவதற்காக வடிவம் கேட்ட 12 ஐங்கோணங்களே கிராஃபைட்டின் பெருங்குணத்தை அழித்துவிட்டன. கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இது முதல் விடை.

பரப்பில் ஒழுங்கு நிலைக்குமா?

டயாகாந்தம் என்பது வெளிப்புலத்திற்குப் பொருள் தரும் மறுமொழி. வெளிப்புலம் இல்லாமலே அணுக்கள் தமக்குள் ஒத்துக்கொண்டு காந்தமாவது காந்த ஒழுங்கு. அதுவும் வடிவத்திற்குக் கட்டுப்பட்டதா?

ஒவ்வோர் அணுவின் எலெக்ட்ரான் சுழற்சியையும் ஒரு சிறு அம்பாகக் கருதுவோம். அடுத்தடுத்த அம்புகளைப் பிணைப்பது குவாண்டம் விசையே என்று 1928-இல் ஹைசன்பர்க் காட்டினார். இரும்பில் எல்லா அம்புகளும் ஒரே பக்கம் நோக்குகின்றன. வேறு சில பொருள்களில் ஓர் அம்பு மேலே, அடுத்தது கீழே என்று மாறிமாறி நிற்கின்றன. இவ்வொழுங்கை விளக்கிய லூயி நீலுக்கு 1970-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தட்டைப் பரப்பில் இவ்வொழுங்கு நிலைக்காது என்று 1966-இல் மெர்மினும் வாக்னரும் நிறுவினர். அம்புகள் எத்திசையிலும் தடையின்றித் திரும்பலாம், பிணைப்பும் அண்டை அயலோடு மட்டுமே என்றால், தனிச்சுழிக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் இருபரிமாணத்தில் நீண்ட ஒழுங்கு இராது. காரணம் எளிது. திடலில் நிற்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தே தம் திசையைச் சரிசெய்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரிடமும் கண்ணுக்குத் தெரியாத சிறு விலகல் இருக்கும். தூரம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் திசைப் பிழையின் அளவு அதே பங்கு கூடிக்கொண்டே போகும். மெல்லக் கூடினாலும் முடிவில்லாமல் கூடுவதால், மிகத் தொலைவில் நிற்பவருக்கும் நமக்கும் திசை ஒற்றுமை இராது. நீண்டு மெல்ல நெளியும் அலைகளை எழுப்ப ஆற்றல் ஏறத்தாழத் தேவையில்லை என்பதே இதன் அடிப்படை.

அம்புகளுக்குத் திசைச் சுதந்திரம் இல்லையென்றால் இத்தடை பொருந்தாது. 2017-இல் குரோமியம் டிரைஅயோடைடின் ஓரடுக்கு ஏடு ஒன்று 45 கெல்வின் வரை காந்தமாக இருந்தது இதனாலேயே. அதன் அம்புகள் ஏட்டிற்குச் செங்குத்தாக நிற்கவே விரும்புகின்றன.

அம்புகள் பரப்பிலேயே படுத்துக்கிடந்தால் வேறொரு காட்சி தோன்றுகிறது. 1971-இல் பெரெஸின்ஸ்கியும், அதையடுத்துக் காஸ்டர்லிட்ஸும் தௌலெஸும் அதனைக் கண்டனர். சூடு ஏறும்போது, ஆற்று நீரில் போல, அம்புகளிடையே சுழிகள் பிறக்கின்றன. வலச்சுழியும் எதிர்ச்சுழியும் இணைபிரியாமல் இருக்கும்வரை ஓரளவு ஒழுங்கு உண்டு. இணை பிரிந்தால் ஒழுங்கு குலையும். ஹால்டேனோடு சேர்த்துக் காஸ்டர்லிட்ஸுக்கும் தௌலெஸுக்கும் 2016-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தட்டைப் பரப்பில் சுழியைப் பிறப்பிப்பது சூடு. உருண்டையிலோ, அதற்குச் சூடு தேவையில்லை. நம் தலையின் உச்சியில் முடி சுழிந்திருப்பதைப் பாருங்கள். உருண்டை முழுவதும் முடி இருந்து, அதைப் படியப் படிய வாரினால், எங்கேனும் சுழி விழாமல் வார முடியாது. சுழிகளின் கூட்டுத்தொகை எப்போதும் இரண்டு. 1912-இல் பிரௌவர் பொதுப்படையாக நிறுவிய கணித உண்மை இது. ஆகவே, உருண்டைப் பரப்பில் படுத்துக்கிடக்கும் அம்புகள் தனிச்சுழி வெப்பநிலையிலும் முழு ஒழுங்கை அடைய இயலாது. அந்தச் சுழிகளைப் போட்டது வடிவம். 2014-இல் கைதிதெய், க்ராவ்சுக், ஷேகா ஆகியோர் மெல்லிய காந்த ஓடுகளைக் கணக்கிட்டு, பரப்பு வளைந்திருப்பதாலேயே அம்புகளிடையே புதிய விசைகள் இருப்பது போன்ற விளைவுகள் தோன்றும் என்று காட்டினர்.

ஐந்து பேர் வட்டம்

மாறிமாறி நிற்கும் ஒழுங்கிற்கு வளைவு இன்னும் கடுமையான சோதனையை வைக்கிறது. ஆறு பேரை வட்டமாக நிறுத்தி, ஒருவருக்குச் சிவப்புத் தலைப்பாகை, அடுத்தவருக்கு வெள்ளை என்று மாற்றிமாற்றிக் கட்டலாம். ஐந்து பேரை நிறுத்தினால்? எப்படிக் கட்டினாலும் எங்கேனும் ஒரே நிறம் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். அறுகோண ஏட்டில் மாறிமாறி நிற்கும் அம்புகள், ஐங்கோணம் வந்த இடத்தில் இதே இக்கட்டில் மாட்டிக்கொள்கின்றன. எதிரெதிராக நிற்க 180 பாகை வேண்டும். ஐங்கோணத்தில் அம்புகள் செய்துகொள்ளக்கூடிய சமரசம் 144 பாகைதான். ஐந்து முறை 144 சேர்த்தால் இரண்டு முழுச் சுற்று. அப்போதுதான் வட்டம் கூடும்.

குவாண்டம் உலகில் சிக்கல் இன்னும் மிகுதி. தனிச்சுழி வெப்பநிலையிலும் அம்புகள் சிறிது நடுங்கிக்கொண்டே இருக்கும். சதுரக் கண் பரப்பில் அந்நடுக்கத்தினால் ஒழுங்கின் அளவு ஏறத்தாழ 61 விழுக்காடாகக் குறைகிறது. அண்டை அணு மூன்றே உள்ள அறுகோணப் பரப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் எஞ்சுகிறது. இந்நிலையில் ஐங்கோணமும் சேர்ந்தால், அம்புகள் ஒழுங்கை விட்டுவிட்டு இருவர் இருவராகக் கைகோத்துக் கொள்ளலாம். இக்கைகோப்பும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆண்டர்சன் 1973-இல் கூறிய இக்கருத்தை, 1987-இல் உயர்வெப்ப மீக்கடத்திகளுக்கு விரிவாக்கியவர்களுள் ஒருவர் ஜி. பாஸ்கரன், சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தோடு நெடுங்காலத் தொடர்புடையவர். 1991-இல் அவரும் தொசாத்தியும் இதே வகைச் சிந்தனையை உருண்டைக் கரிக்குப் பொருத்திப் பார்த்து, நம் நாட்டு 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினர்.

கணவாயில் ஒழுங்கு

மேடு ஒழுங்கிற்குப் பகையானால் கணவாய் எப்படி? கூடைப் பின்னலில் ஒரு பக்கத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டினால் பரப்பு சேணமாக நெளியும். ஏழு பக்கக் கண் போட்டால், ஏழும் ஒற்றைப்படை; தலைப்பாகைச் சிக்கல் மறுபடியும் வந்துவிடும். எட்டுப் பக்கக் கண் போட்டாலோ, சேணவளைவும் கிடைக்கிறது. எட்டு இரட்டைப்படை ஆதலால் மாறிமாறி நிற்கும் ஒழுங்கிற்கும் இடையூறு இல்லை.

சேணப் பரப்பிற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1990-இல் கேலனும் வில்செக்கும் இதனை ஆராய்ந்தனர். கணவாயில் கயிற்றின் நீளம் கூடக்கூட வட்டத்தில் செடிகளுக்கான இடம் மிக வேகமாகப் பெருகும் என்று கண்டோம். இப்படி விரியும் பரப்பில், ஆற்றலின்றி எழும் அந்த நீண்ட மெல்லிய அலைகள் இருக்கவே இயலாது. எந்த அலைக்கும் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று வேண்டும். தட்டைப் பரப்பில் ஒழுங்கைக் குலைத்தவை அவ்வலைகளே அன்றோ? ஆகவே, மெர்மினும் வாக்னரும் தட்டைப் பரப்பிற்கு விதித்த தடை இங்கு அப்படியே செல்லாது.

எங்கும் ஒரே அளவு சேணமாக நெளிந்த பெரிய பரப்பை நம் இடவெளியில் செய்து வைப்பது அரிது. 2019-இல் பிரின்ஸ்டனில் கொல்லார், ஃபிட்ஸ்பாட்ரிக், ஹௌக் ஆகியோர் ஒரு வழி கண்டனர். ஏழு பக்கக் கண்களாக இணைந்த மின்சுற்றுகளைத் தட்டையான சில்லு ஒன்றில் அமைத்தனர். சில்லு தட்டை, ஆனால் எது எதனோடு இணைந்திருக்கிறது என்ற இணைப்புமுறை சேணப் பரப்பிற்குரியது. அதில் செல்லும் நுண்ணலைக்குத் தான் சேண உலகில் செல்வதாகவே படும். எட்டுப் பக்கக் கண்களைக் கொண்ட சேணப் பரப்பில் அம்புகள் மாறிமாறி நிற்கும் ஒழுங்கு நிலைக்கிறது என்று அண்மைக் கணினிக் கணக்குகளும் கூறுகின்றன. ஆனால், இத்தகைய பரப்பில் ஓரம் மிகப் பெரிது. அணுக்களில் பெரும்பங்கு ஓரத்திலேயே நிற்கும். அங்கு நடுக்கம் மிகுதி. ஓரத்தின் குணத்தையும் உட்பகுதியின் குணத்தையும் பிரித்தறிவதே இன்றைய ஆய்வாளர்களின் தலைவலி.

இழை இன்னும் முறுக்கப்படுகிறது

கிருஷ்ணன் 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்திற்கும், 1947-இல் புதுதில்லியில் தொடங்கப்பெற்ற தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகவும் சென்றார். 1961-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் காலமானார். உருண்டைக் கரியையோ, கிராஃபீனையோ அவர் காணவில்லை. ஆயினும், காந்தப்புலத்தில் ஒரு படிகத்தை வைத்து அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளக்கும் முறை இன்றும் கைவிடப்படவில்லை. இழைக்குப் பதில் தலைமுடியினும் மெல்லிய சிலிக்கன் தகடு வந்திருக்கிறது. கண்ணுக்குப் பதில் ஒளிக்கதிர் பாகையைக் குறிக்கிறது. கேட்கப்படும் கேள்வி அதுவே.

அக்கேள்வியின் முதற்படியை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இயந்திரப் பென்சிலுக்கான மெல்லிய கிராஃபைட் குச்சி ஒன்றை நடுவில் தையல் நூலால் கட்டி, காற்றுப் படாத இடத்தில் கிடைமட்டமாகத் தொங்கவிடுங்கள். அது அசைவற்று நின்றதும், வலிமை மிக்க நியோடிமியம் காந்தத்தை அதன் ஒரு முனையருகே மெல்லக் கொண்டுவாருங்கள். குச்சி காந்தத்தை நோக்கி வராது; மெதுவாக விலகிப் போகும். அப்போது விலகுவது குச்சி மட்டும் அன்று. அதனுள் தட்டையாகக் கிடக்கும் கோடிக்கணக்கான ஏடுகளில் சுற்றி ஓடும் எலெக்ட்ரான்களும் சேர்ந்தே அதனை விலக்குகின்றன. அதே கரி உருண்டிருந்தால் இவ்விலக்கத்தில் பெரும்பகுதி மறைந்திருக்கும்.